இரண்டு விதிகள்: மலையிலிருந்து பார்த்த கல்லூரிச் சேர்க்கை வரலாறு



மே மாதத்தில் கொடைக்கானலில் இரண்டு கூட்டங்களைக் காணலாம். ஒன்று, கோடை விழாவுக்கும் பிரையண்ட் பூங்கா மலர்க் கண்காட்சிக்கும் வருகின்ற கூட்டம். மற்றொன்று வெளியூர்க்காரரின் கண்ணில் படாதது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இ-சேவை மையத்திலும் நகலெடுக்கும் கடையிலும் வரிசையில் நிற்கின்ற பெற்றோர்களும் பிள்ளைகளும் அக்கூட்டத்தினர். ஏரிக்கரையில் கடை வைத்திருப்பவர்க்கும், வாடகை வண்டி ஓட்டுபவர்க்கும், விடுதியில் வேலை செய்பவர்க்கும் ஆண்டு வருமானத்தின் பெரும்பங்கு கோடையின் ஓரிரு மாதங்களில்தான் கிடைக்கிறது. அதே வாரங்களில்தான் பிள்ளையின் படிப்புக்காகவும் அலைய வேண்டியிருக்கிறது. கடையைப் பூட்டிவிட்டுத் திண்டுக்கல்லுக்கு இறங்குவதா, கடையைப் பார்த்துக்கொண்டு பிள்ளையைத் தனியே அனுப்புவதா என்ற தவிப்பு இம்மலையின் பல வீடுகளில் ஆண்டுதோறும் உண்டு.

அந்நாட்களில் எங்களைப் போன்ற மதரஸா ஆசிரியர்களைத் தேடி வருகின்ற பெற்றோர் பெரும்பாலும் இரண்டு செய்திகளைச் சொல்வார்கள். "ஹஜ்ரத், பிள்ளைக்காகத் துஆ செய்யுங்கள்" என்பது முதற்செய்தி. இரண்டாவது, இடம் கிடைக்காதபோது சொல்லப்படுவது: "அவன் விதி அவ்வளவுதான்." துஆ செய்வதில் எங்களுக்குத் தயக்கம் ஏதும் இல்லை. இரண்டாவது சொல்லைக் கேட்கும்போதுதான் மனம் சற்றே நின்றுவிடுகிறது.

தமிழில் விதி என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. தலைவிதியும் விதிதான், அரசு எழுதுகின்ற சட்டவிதியும் விதிதான். கல்லூரிச் சேர்க்கையைப் பொறுத்தவரை நம் வீடுகளில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. கட்-ஆஃப் மதிப்பெண்ணைத் தக்தீராகவும், தரவரிசைப் பட்டியலை லவ்ஹுல் மஹ்ஃபூளாகவும் பாவிக்கின்ற நிலைக்கு வந்திருக்கிறோம். ஆனால் சேர்க்கை விதிகள் மனிதர்கள் எழுதியவை. எழுதியவர்களே பலமுறை அடித்துத் திருத்தியவை. கடந்த 75 ஆண்டுகளில் அவை எப்படி எப்படி மாறின என்பதை இந்த மலையில் நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் பழைய கல்வி மரபில் இத்தகைய வாசல் இருந்ததில்லை. மாணவர் ஆசிரியரைத் தேடிச் சென்றார்; பாடங்கேட்டார்; கற்பிக்கும் தகுதி வந்ததும் ஆசிரியர் தம் கைப்பட 'இஜாஸா' எழுதிக் கொடுத்தார். கல்வி முடிந்த பின்னரே சோதனை; நுழையும்போது அன்று. நுழைவுக்கே தேர்வு என்பது இடம் குறைவாகவும் கேட்போர் மிகுதியாகவும் உள்ள காலத்தின் ஏற்பாடு. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது மெட்ரிகுலேஷன் தேர்வே வாசலாக இருந்தது. ஆங்கிலம் அறியாதவர்க்கு அவ்வாசல் திறக்கவில்லை. தமிழ் முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் அன்று அந்த வாசலுக்கு வெளியேதான் இருந்தனர். 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது இக்குறையை உணர்ந்தவர்களின் முயற்சியால்.

கொடைக்கானல் மலையில் கல்வி வேறொரு பாதையில் ஏறியது. மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் 1845இல் வெயிலுக்கும் நோய்க்கும் அஞ்சி இங்கே வீடு கட்டினர். 1901இல் அவர்களுடைய பிள்ளைகளுக்காக ஹைகிளெர்க் என்ற பள்ளி தொடங்கப்பட்டது. அதுவே இன்றைய கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி. அங்குப் படித்த பிள்ளைகளின் கண்கள் கடல் கடந்த கல்லூரிகளை நோக்கியிருந்தன. அதே மலையின் பூம்பாறையிலும் மன்னவனூரிலும் தாண்டிக்குடியிலும் பூண்டும் உருளைக்கிழங்கும் காப்பியும் விளைவித்தவர்களின் பிள்ளைகளுக்கோ கல்லூரி என்றால் மதுரை. மருத்துவம், பொறியியல் என்றால் பெரும்பாலும் சென்னை. ஒரே மலையில் இரண்டு வாசல்கள் இருந்தன. குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. தூரம் என்பது வரைபடத்தில் அளக்கக்கூடியது மட்டும் அன்று என்பதைச் சொல்லவே எழுதினோம்.

இனி 1951க்கு வருவோம். இவ்வரலாற்றில் நாம் சற்றே நின்று பார்க்க வேண்டிய ஆண்டு அது.

நாடு விடுதலை பெற்ற காலத்தில் சென்னை மாகாண அரசு நடத்திய மருத்துவக் கல்லூரிகள் நான்கு. அவற்றில் மொத்த இடங்கள் 330. பொறியியல் கல்லூரிகளில் 395. அன்றைய மாகாணம் இன்றைய தமிழ்நாடு மட்டும் அன்று; ஆந்திரக் கடற்கரையும் ராயலசீமையும் மலபாரும் அதில் அடங்கியிருந்தன. இந்த இடங்களை வகுப்புவாரி அரசாணையின்படி பகிர்ந்தனர். ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்க்கும் இந்தியக் கிறிஸ்தவர்க்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. அதாவது மாகாணம் முழுவதிலுமிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 20 முஸ்லிம் மாணவர்கள் மருத்துவம் படிக்க முடிந்தது.

செண்பகம் துரைராஜன் என்ற பெண்மணியும் சி.ஆர். சீனிவாசன் என்ற மாணவரும் இந்த ஆணையை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். செண்பகம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே செய்திருக்கவில்லை என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கின்ற வியப்பான செய்தி. 1951 ஏப்ரல் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. பதினான்கில் ஒன்று என்பது ஒரே நாளில் இல்லாமற்போயிற்று. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் தமிழகமெங்கும் கிளர்ச்சி செய்தனர். அதே ஆண்டு ஜூன் 18ஆம் நாள் அரசியலமைப்பின் முதல் திருத்தம் நிறைவேறி, 15(4) என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. கல்வியிலும் சமூகத்திலும் பின்தங்கிய வகுப்பினர்க்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு அது வழிவகுத்தது. தீர்ப்புக்கும் திருத்தத்துக்கும் இடையே கடந்தவை 70 நாட்கள் மட்டுமே. விதியை எழுதியவர்களே விதியை மாற்றியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

அதே 1951இல்தான் சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் திறக்கப்பட்டன. பின்னதன் நிறுவனர்கள் ஹாஜி எம். ஜமால் முஹம்மது சாஹிபும் ஜனாப் என்.எம். காஜாமியான் ராவுத்தரும் ஆவர். 1956இல் பழனி மலைத்தொடருக்குத் தென்மேற்கே, கம்பம் பள்ளத்தாக்கின் உத்தமபாளையத்தில், ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி எழுந்தது. அதே ஆண்டில் மலைக்குக் கிழக்கே காந்திகிராமத்தில் கிராமிய நிறுவனம் தொடங்கியது. இவற்றையெல்லாம் ஒரே திட்டத்தின் பகுதிகள் என்று நாம் சொல்லவில்லை. எனினும் வாசல் குறுகியபோது அதன் முன் நின்று புலம்புவதற்கு மாறாக, இன்னொரு வாசலைக் கட்டிய மனிதர்கள் நம் சமுதாயத்தில் இருந்தார்கள் என்பது பெருமைக்குரியது. வணிகத்தில் ஈட்டியதைக் கல்லூரிக் கட்டடமாக்கியவர்கள் அவர்கள். அக்கல்லூரிகளில் படித்தவர்களில் பிற சமுதாயத்துப் பிள்ளைகளும் பெருந்தொகையினர் என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்து வந்தது நேர்முகத் தேர்வுக் காலம். இன்றைய பிள்ளைகள் இதை அறிந்திருக்க வாய்ப்பில்லை. 1950களிலும் 60களிலும் மருத்துவக் கல்லூரியில் சேர மதிப்பெண் மட்டும் போதாது. தேர்வுக்குழுவின் முன் அமர்ந்து கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். அதற்கும் மதிப்பெண் உண்டு. எத்தனை மதிப்பெண் என்பது ஒரு வழக்கில் வெளிப்பட்டது. பெரியகருப்பன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அவ்வழக்கில் 1970இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, மொத்தம் 275இல் 75 மதிப்பெண் நேர்முகத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்ததை மிகையானது என்று கருதியது. கால்பங்குக்கும் மேல்! மலைக்கிராமத்துப் பள்ளியிலிருந்து முதன்முறையாகப் பெருநகரத்துக்கு வருகின்ற ஒரு பிள்ளை, கோட்டு அணிந்த பெரியவர்கள் வரிசையாக அமர்ந்திருக்கும் மேசைக்கு முன் எப்படிப் பேசியிருப்பான் என்று எண்ணிப் பாருங்கள். அந்த 75 மதிப்பெண்ணில் அறிவு எவ்வளவு, அறிமுகம் எவ்வளவு, ஆங்கில உச்சரிப்பு எவ்வளவு என்று பிரித்தறிய எவராலும் இயலாது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1968இல், ராஜேந்திரன் எதிர் சென்னை அரசு என்ற வழக்கில் வேறொரு விதி வீழ்ந்தது. மருத்துவ இடங்களை மாவட்டங்களுக்கு மக்கள்தொகை விகிதப்படி பகிர்ந்தளிக்கும் முறை அப்போது இருந்தது. அவ்வாறு செய்யாவிட்டால் சென்னை நகரத்து மாணவர்களே பெரும்பாலான இடங்களைப் பெற்றுவிடுவர் என்பது அரசின் வாதம். ஒரு மாவட்டத்தில் மிகுந்த தகுதியுடையவன் இடமிழக்க, இன்னொரு மாவட்டத்தில் குறைந்த தகுதியுடையவன் இடம் பெறுவது சமத்துவத்துக்கு முரண் என்று நீதிமன்றம் கூறி அம்முறையை நீக்கியது. பிற்பட்டோர் பட்டியலை அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. கொடைக்கானல் அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. திண்டுக்கல் மாவட்டம் 1985இல்தான் பிறந்தது. மாவட்ட ஒதுக்கீடு நீடித்திருந்தாலும் மலைப்பிள்ளை மதுரை நகரத்துப் பிள்ளையோடுதான் போட்டியிட்டிருப்பான். ஆதலால் அவ்விதி வீழ்ந்ததால் மலை எதையோ பெரிதாக இழந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அரசின் வாதத்தில் ஓர் உண்மை இருந்தது. அது அத்தீர்ப்போடு மறைந்துவிடவில்லை என்பதைப் பின்னர் வந்த காலம் காட்டியது.

1970இல் சட்டநாதன் குழு அறிக்கை அளித்தது. பிற்பட்டோர் ஒதுக்கீடு 1971இல் 31 விழுக்காடாகவும், 1980இல் 50 விழுக்காடாகவும் உயர்ந்தது. 1989இல் அதிலிருந்து மிகவும் பிற்பட்டோர்க்கு 20 தனியே பிரிக்கப்பட்டது. இவை விரிவாகப் பலரும் எழுதியவை. நாம் கடந்து செல்வோம்.

1984 மலைக்கு இரண்டு செய்திகளைக் கொண்டுவந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சி மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கு மாநில நுழைவுத் தேர்வை அறிமுகம் செய்தது. நேர்முகத் தேர்வில் நிகழ்ந்த பாரபட்சத்துக்கு மாற்று என்றே அன்று பலரும் அதை வரவேற்றனர். தாளுக்கு முகம் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் பயிற்சி நிலையம் எங்கே இருக்கிறது என்பது தாளுக்குத் தெரியும்! சில ஆண்டுகளிலேயே நகரங்களில் பயிற்சி மையங்கள் பெருகின. கட்-ஆஃப் அப்போது 300க்குக் கணக்கிடப்பட்டது: பன்னிரண்டாம் வகுப்புக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100. மேல்மலைக் கிராமத்துப் பிள்ளைக்கு அந்த நூறு மதிப்பெண்ணுக்கான பயிற்சி மலைக்குக் கீழே இருந்தது.

இரண்டாவது செய்தி மகிழ்ச்சியானது. அதே 1984இல் தமிழ்நாட்டின் மகளிர் பல்கலைக்கழகம் கொடைக்கானலிலேயே நிறுவப்பட்டது. அன்னை தெரசாவின் பெயரைத் தாங்கிய அப்பல்கலைக்கழகம் மாநிலத்திலேயே பெண்களுக்கென அமைந்த ஒரே அரசுப் பல்கலைக்கழகம். அதுவரை உயர்கல்வி நாடிய மலைப்பெண்களுக்கு மதுரையின் லேடி டோக், பாத்திமா போன்ற கல்லூரிகளே கண்முன் இருந்தவை. அவற்றுக்கு இறங்கிச் சென்று விடுதியில் தங்க வேண்டும். விடுதி என்றதும் எத்தனை அத்தாக்களின் முகம் மாறியிருக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. "பத்தாவது போதும்மா" என்று முடிந்துபோன கதைகள் நம் ஊர்களில் ஏராளம். பெண்பிள்ளைகளின் படிப்பு நின்றதற்கெல்லாம் சேர்க்கை விதியே காரணம் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. வாசல் திறந்திருந்தும் அனுப்பாதவர்கள் நாமே. கல்வி தேடுவது ஆணுக்கும் பெண்ணுக்கும் கடமை என்று மிம்பரில் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் அக்கடமையை மகனுக்கு மட்டும் ஒதுக்குகின்ற ஒதுக்கீடு எந்த அரசாணையிலும் இல்லை.

1997இல் பொறியியலுக்கு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தது. அதற்கு முன்னர் கல்லூரி கல்லூரியாக விண்ணப்பம் வாங்கி, கல்லூரி கல்லூரியாகக் காத்திருக்க வேண்டும். தனியார் கல்லூரிகளில் நன்கொடைப் பேரமும் நடக்கும். நன்கொடை வசூலைத் தடுக்க 1992இலேயே மாநிலச் சட்டம் வந்திருந்தது. ஒற்றைச் சாளரம் இவ்வலைச்சலை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தது. ஆனால் அந்த ஓரிடம் சென்னை. கொடைக்கானலிலிருந்து மலைப்பாதையில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் இறங்கிக் கொடைரோடு நிலையம். அங்கிருந்து இரவு முழுவதும் ரயில். காலையில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மூட்டை முடிச்சோடு வரிசை. பெரிய திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வரும். உள்ளே அழைக்கப்பட்டதும் சில நிமிடங்களில் பிள்ளையின் எதிர்காலத்தை முடிவு செய்தாக வேண்டும். பெயர்கூடக் கேள்விப்பட்டிராத கல்லூரிகளில் எது நல்லது என்று வாசலில் நிற்கும் யாரோ ஒருவரிடம் கேட்டுச் சேர்ந்தவர்கள் பலர். 2018இல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது. ரயில் பயணம் மிச்சமாயிற்று. அதற்கு ஈடாக, மழைக்காற்றில் செல்பேசிக் கோபுரம் செயலிழக்குமோ என்ற புதிய கவலை மேல்மலைக்கு வந்து சேர்ந்தது.

நுழைவுத் தேர்வு 22 ஆண்டுகள் நின்று, 2006இல் இயற்றப்பட்ட சட்டத்தால் நீங்கியது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும் என்றாயிற்று. பத்தாண்டுகள் கழித்து, 2017இல், மருத்துவத்துக்கு நீட் கட்டாயமாயிற்று. அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் அரியலூர் மாவட்டத்து அனிதா என்ற மாணவியின் மரணச் செய்தி தமிழகத்தை உலுக்கியது. பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 பெற்றிருந்த பெண் அவர். முந்தைய ஆண்டின் விதி நீடித்திருந்தால் மருத்துவக் கல்லூரியில் அமர்ந்திருப்பார். ஓராண்டு இடைவெளியில் விதி மாறியது; பிள்ளையின் உழைப்பு மாறவில்லை.

இதைப் படிக்கின்ற பெற்றோர் ஒருகணம் நிற்க வேண்டுகிறோம். பிள்ளை சாப்பிடாமல், உறங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால் "தொழு, சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். தொழச் சொல்லுங்கள்; அருகிலும் அமருங்கள். மாநிலத்தின் 104 என்ற எண்ணிலும், 14416 என்ற டெலிமானஸ் எண்ணிலும் மனநல ஆலோசகர்கள் பேசுகிறார்கள். அவர்களை அழைப்பது ஈமானின் குறைபாடு அன்று. பல்லில் வலி வந்தால் மருத்துவரிடம் செல்கிறோம். மனத்தில் வலி வந்தால் மட்டும் ஏன் மறைக்க வேண்டும்? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 1091இல் பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவில் அக்காலத்தின் மிக உயர்ந்த ஆசிரியர் இருக்கையில் அமர்ந்தார். நான்கே ஆண்டுகளில் உள்ளக் கலக்கத்தால் பாடம் சொல்ல நா எழாமற்போய், உணவும் இறங்காமல், மருத்துவர்களிடம் காட்டப்பட்டு, அவ்விருக்கையை விட்டு வெளியேறினார். அதைத் தம் நூலில் தாமே எழுதியும் வைத்தார். இஹ்யா உலூமித்தீன் என்ற பெருநூல் அந்த விலகலுக்குப் பின் வந்தது.

தக்தீரை நம்புவது ஈமானின் அங்கம், அதில் ஐயமில்லை. ஆனால் அந்நம்பிக்கையை எவ்வாறு கையாள்வது என்பதற்கு உமர் (ரலி) அவர்களின் வாழ்வில் அனைவரும் அறிந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. சிரியாவில் கொள்ளைநோய் பரவியிருப்பதை வழியில் கேள்விப்பட்டுப் படையோடு திரும்ப முடிவு செய்தார்கள். இறைவனின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) வினவினார்கள். ஒரு விதியிலிருந்து இன்னொரு விதியை நோக்கிச் செல்வதாக விடையளித்த உமர் (ரலி), ஒரு பள்ளத்தாக்கின் இரு சரிவுகளை உவமையாகக் காட்டினார்கள்: ஒன்று பசுமை, ஒன்று வறட்சி, ஒட்டகத்தை எதில் மேய்த்தாலும் அது இறைவிதியே. மலையில் வாழ்வோர்க்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. வறண்ட சரிவிலேயே நின்றுகொண்டு விதி என்று சொல்வது அவர்கள் காட்டிய வழி அன்று.

இனி நமக்கு நேரடியாக உரிய விதிகளைப் பார்ப்போம். 2007இல் பிற்பட்டோர்க்குரிய 30 விழுக்காட்டிலிருந்து முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனியே ஒதுக்கப்பட்டது. பழைய பதினான்கில் ஒன்று ஏறத்தாழ 7 விழுக்காடு. இப்போது அதில் பாதிதானே என்று சிலர் கேட்கின்றனர். இவ்விரண்டையும் எண்ணிக்கையால் மட்டும் ஒப்பிடுவது பிழை. பழைய ஆணையில் ஒவ்வொரு வகுப்பும் தன் பங்குக்குள் அடைக்கப்பட்டிருந்தது. அந்த ஒன்று தரையாகவும் கூரையாகவும் இருந்தது. இன்றைய முறையில் 31 விழுக்காடு பொதுப்போட்டி. அதில் எவரும் இடம் பெறலாம். அதற்கு மேல்தான் 3.5. தரை உண்டு, கூரை இல்லை. இவ்வேறுபாட்டை அறியாமல், நமக்கு மூன்றரைதான் என்று பிள்ளையிடம் சொல்லி வளர்ப்பது பெரும் அநீதி.

2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. முதலாண்டிலேயே ஏறத்தாழ 400 மருத்துவ, பல் மருத்துவ இடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கும் அது விரிந்தது. 1968இல் தோற்ற வாதத்தின் சாரம், நகரத்துப் பிள்ளைக்கும் தொலைவிடத்துப் பிள்ளைக்கும் தொடக்கப்புள்ளி ஒன்றன்று என்பது, அரைநூற்றாண்டு கழித்து வேறு வடிவில் சட்டமானது என்று நாம் கருதுகிறோம். மலைக்குடும்பங்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை நிபந்தனை. அரசு உதவிபெறும் பள்ளி இக்கணக்கில் சேராது. கடன் வாங்கிப் பதினொன்றாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றினால், நல்லது செய்வதாக எண்ணிப் பிள்ளையின் கையிலிருந்த சலுகையை நாமே பறித்துவிடுவோம். அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்பிள்ளைகளுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் தொழிற்படிப்பில் கல்விக் கட்டணச் சலுகையும் உண்டு.

நோன்பைப் பற்றியும் ஒரு சொல். சந்திர ஆண்டு ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே நகர்வதால் ரமளான் சில ஆண்டுகளாகப் பொதுத்தேர்வு மாதத்தில் வருகிறது. 2025இல் மார்ச் 2ஆம் நாள் நோன்பு தொடங்க, மார்ச் 3ஆம் நாள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு தொடங்கியது. ஸஹருக்கு எழுந்த பிள்ளையைத் தராவீஹுக்குப் பின்னும் விழித்திருந்து படிக்க வைப்பது கொடுமை. வீட்டில் இரவு உறவினர் கூட்டத்தைக் குறைத்து, பிள்ளைக்கு உறக்க நேரம் ஒதுக்குவது பெரியவர்களின் பொறுப்பு.

நிறைவாகச் சான்றிதழ்கள். 3.5 விழுக்காட்டில் விண்ணப்பிக்க, சாதிச் சான்றிதழில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பட்டியலிலுள்ள பிரிவு எழுதப்பட்டிருக்க வேண்டும். அப்பட்டியலில் உள்ளவை ஏழு: அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, லெப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையது. ராவுத்தரும் மரைக்காயரும் லெப்பையில் அடங்குவர். வீட்டில் பேசுவது தமிழா உருதுவா என்பது பொருட்டன்று. வெறுமனே "முஸ்லிம்" என்றோ "இஸ்லாம்" என்றோ எழுதிய பழைய சான்றிதழோடு கலந்தாய்வுக்குச் செல்வது வீண் அலைச்சலில் முடியும். மே மாதத்தில் மனுக்கள் குவியும்; ஆதலால் பதினொன்றாம் வகுப்பு முடிந்த விடுமுறையிலேயே இ-சேவையில் பதிவு செய்துவிடுவது நலம்.

நம் பிள்ளைகளுக்கென்றே உரிய இன்னொரு சிக்கல் பெயர். ஆதாரில் முகமது, மாற்றுச் சான்றிதழில் முஹம்மது, ஆங்கிலத்தில் ஓரிடத்தில் ஒற்றை 'எம்', மற்றோரிடத்தில் இரட்டை 'எம்'; பாத்திமாவுக்கும் ஃபாத்திமாவுக்கும் இதே நிலைதான். அத்தாவின் பெயரிலும் தலைப்பெழுத்திலும் வேறு குழப்பம். பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியலைப் பள்ளியில் தயாரிக்கும்போது பெற்றோரிடம் சரிபார்க்கச் சொல்லிக் கையொப்பம் கேட்பார்கள். அன்றைக்கு ஆதாரையும் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துச் சென்று, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையொப்பமிடுங்கள்.